ஃபைலைத் தொலைப்பது யார்?

நம் மக்களுக்குத் தங்கள் உடம்பைப் பற்றிய விவரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது என்ற பேச்சு படித்தவர்களிடையே ஏறக்குறைய முடிந்த முடிவாகிவிட்டது. டாக்டர்கள் சொல்கிறார்கள், பத்திரிகைகள் எழுதுகின்றன, டிஜிட்டல் சுகாதாரத் திட்டங்களை விளக்கும் மேடைகளில் அதிகாரிகள் அதையே முன்னுரையாக வைத்துத் தொடங்குகிறார்கள். நோயாளி வெறுங்கையோடு வருகிறார். பழைய சீட்டைக் கேட்டால் காணோம் என்கிறார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ‘வெள்ளையா, சின்னதா ஒண்ணு’ என்கிறார். முக்கியமான நோயை மறைக்கிறார். விளக்கிச் சொன்னாலும் புரிந்துகொள்வதில்லை. ஆகவே அந்த விவரத்தையெல்லாம் கணினியில் ஏற்றி, அவர் கையில் 14 இலக்க எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது பிரச்சினை. வாதம் இப்படிப் போகிறது.

இதன் முடிவை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தரங்க உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்கள் அவர்கள். ஆனால் அவர்களும் தொடக்கத்தை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார்கள். நான் தொடக்கத்தையே மறுக்கிறேன். இந்த நாட்டில் மருத்துவ ஆவணங்களைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும்தான். எழுதாமல் விடுவதும், எழுதியதைத் தர மறுப்பதும், காலம் முடிந்ததும் அழிப்பதும் மருத்துவமனைகள்.

மதுரை ராஜாஜி மருத்துவமனையிலோ புதுச்சேரி ஜிப்மரிலோ காலை ஏழு மணிக்கு ஓ.பி. வரிசையில் நிற்பவர்களின் கைகளைப் பாருங்கள். துணிக்கடைப் பை, பிளாஸ்டிக் கவர், பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய ஜிப் ஃபைல். வேலூர் சி.எம்.சி.க்கு ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வருகிறவர்கள் துணிமணியைக் குறைத்துக்கொண்டு ஃபைலைச் சுமந்து வருகிறார்கள். ஒரு பையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் தெரியும். லேப் ரிப்போர்ட்டுகள் தேதி வரிசையில் பின் அடிக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ரே மடங்காமல் இருக்க அட்டை ஒன்று பின்னால் கொடுக்கப்பட்டிருக்கும். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு இருக்கும், டாக்டர் கேட்டால் காட்ட. காப்பீட்டு அட்டையின் நகல், ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல். எல்லாவற்றையும்விட என்னை நிறுத்திப் பார்க்க வைப்பது ஈ.சி.ஜி. அது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவது. சில ஆண்டுகளில் கோடுகள் மங்கி வெற்றுத்தாளாகிவிடும். இதை எந்த மருத்துவமனையும் நோயாளிக்குச் சொல்வதில்லை. ஆனாலும் அந்தப் பையில் ஈ.சி.ஜி.யோடு அதன் ஜெராக்ஸும் சேர்ந்தே இருக்கும். ஒரு முறை மங்கிப்போனதைப் பார்த்த மகளோ மருமகனோ தாங்களாகக் கண்டுபிடித்துச் செய்த ஏற்பாடு அது. ஆவணக் காப்பகத்தில் பயிற்சி பெற்றவர் செய்வதும் இதைத்தான்.

இந்தப் பையைச் சுமப்பவரைப் பார்த்துத்தான் பொறுப்பில்லை என்கிறோம்.

‘வெள்ளையா, சின்னதா ஒண்ணு’ என்ற பதிலையும் அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அரசு மருந்தகங்களில் மாத்திரையை எண்ணிச் சிறு கவரில் போட்டுத் தருவது வழக்கம். கவரில் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். தனியார் மெடிக்கலில் பத்து மாத்திரை அட்டையில் நாலு வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் மீதி அட்டையோடு கடையிலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த மாதம் அதே மருந்து வேறு கம்பெனியில், வேறு நிறத்தில் வருகிறது. சீட்டில் எழுதியிருப்பதை எழுதிய டாக்டரும் அவருக்கு எதிரே இருக்கும் மெடிக்கல்காரரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. மருந்துப் பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் 2016இலேயே விதியைத் திருத்தியது. அதற்கு ஒன்பது ஆண்டு கழித்து, 2025இல், படிக்கக்கூடிய மருந்துச் சீட்டு நோயாளியின் அடிப்படை உரிமை என்று பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. பெயர் கொடுக்கப்படாத பொருளுக்கு, அப்படிப் பதில் சொல்லும் பெண் நிறமும் அளவும் சொல்லி அடையாளம் காட்டுகிறாள். அவளிடம் இருந்த விவரம் அவ்வளவுதான், அதை அவள் முழுமையாகச் சொல்லிவிட்டாள்.

இதைவிடக் கொடுமையானது ஒன்று உண்டு. ‘ஏதாவது மருந்து ஒத்துக்காதா?’ என்பது எந்த டாக்டரும் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் ஒன்று. ‘ஆமாங்க, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரில ஒரு ஊசி போட்டாங்க, மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு முட்டிருச்சு.’ ‘என்ன ஊசி?’ ‘அது தெரியலீங்களே.’ ‘இதுகூடத் தெரியாம எப்படிம்மா?’ இந்த உரையாடலைக் கேட்காத ஓ.பி. அறை கிடையாது. அன்றைக்கு அவள் மூச்சுக்குத் திணறியபோது ஊசியை மாற்றியவர்களுக்கு மருந்தின் பெயர் தெரியும். கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பார்கள். அது மருத்துவமனையில் தங்கிவிட்டது. அவள் கையில் கொடுத்தனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் என்ன இருக்கும் என்பதை நான் பல ஃபைல்களில் பார்த்திருக்கிறேன்: ‘ஐ.வி. ஆன்டிபயாட்டிக், ஐ.வி. ஃப்ளூயிட் மற்றும் துணைச் சிகிச்சைகள் அளிக்கப்பட்டன. நிலை சீராக உள்ளது’ என்பதன் ஆங்கில வடிவம். எந்த ஆன்டிபயாட்டிக்? இல்லை. அந்த ஒரு பெயர் அடுத்த முறை அவள் உயிரைக் காப்பாற்றக்கூடியது. அதை எழுதித் தராமல் அனுப்பிவிட்டு, ஐந்து ஆண்டு கழித்து வேறொரு மேசைக்கு எதிரே அவளை உட்காரவைத்துத் தெரியாதா என்று கேட்பது அநியாயம். நம் மருத்துவத்தில் தினமும் நடக்கும் அநியாயங்களில் இதுதான் மிக எளிதாகத் திருத்தக்கூடியது. அதனாலேயே என்னால் இதை மன்னிக்க முடியவில்லை.

கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பார்கள். கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகள்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். தராவிட்டால் அது தொழில் ஒழுங்கீனம். தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைகள் சாசனமும் இதைச் சொல்கிறது. மருத்துவமனையில் இருக்கும்போதே 24 மணி நேரத்துக்குள் கிடைக்க வேண்டும் என்று அது இன்னும் ஒரு படி மேலே போகிறது. என் தந்தைக்கு அறுவைச் சிகிச்சை நடந்த தனியார் மருத்துவமனையில் கேஸ் ஷீட் நகல் கேட்டபோது எனக்கு முதலில் கிடைத்தது இன்னொரு கேள்வி: ‘எதுக்கு சார், கேஸ் போடப் போறீங்களா?’ பிறகு ரெக்கார்டு செக்‌ஷனில் கேளுங்கள் என்றார்கள். அங்கே டாக்டர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். டாக்டர் ரவுண்ட்ஸில் இருந்தார். இதில் கெட்ட மனிதர் என்று ஒருவரும் இல்லை. அந்தக் காகிதம் நோயாளிக்குச் சொந்தம் என்ற எண்ணமே அந்தக் கட்டடத்தில் யாருக்கும் இல்லை, அவ்வளவுதான்.

அதே நெறிமுறைகளில் இன்னொரு விதி இருக்கிறது. உள்நோயாளியின் ஆவணத்தைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். தொலைக்கிறவர் யார் என்ற கேள்விக்கு இந்த ஒரு விதியே பதில். மூன்று ஆண்டு முடிந்ததும் பழைய கட்டுகளைக் கழித்துவிட மருத்துவமனைக்கு வழியுண்டு. 1990களில் மாமனாருக்கு எடுத்த எக்ஸ்ரேயைப் பீரோவின் மேல்தட்டில் இன்னும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அப்படி எந்த விதியும் தேவைப்படவில்லை.

ஏழைகளுக்கும் எழுத்தறியாதவர்களுக்கும் இது முடியாது என்று நினைப்பவர்கள் தடுப்பூசி அட்டையைப் பார்க்கட்டும். தேசியக் குடும்ப நல ஆய்வுக்குப் போகும் கணக்கெடுப்பாளர் வீடுவீடாகப் போய் ‘அட்டை இருக்கா, காட்டுங்க’ என்று கேட்டு, பார்த்துத்தான் குறிக்கிறார். பெரும்பாலான வீடுகளில் தாய் அதை எடுத்துக் காட்டுகிறாள். ஓலைக் கூரை வீட்டிலும் காட்டுகிறாள். காரணம், அந்த அட்டை அவளுக்காகவே செய்யப்பட்டது. தமிழில் இருக்கிறது, படம் இருக்கிறது, அடுத்த ஊசி எந்தத் தேதி என்று கட்டம் போட்டிருக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு வாங்கிக் குறித்துத் திருப்பிக் கையில் கொடுக்கிறார். ஜப்பான் இப்படியொரு தாய் சேய் கையேட்டை 1948 முதல் கொடுத்துவருகிறது. வீட்டில் வைத்துக்கொள்ளும் இத்தகைய ஆவணங்களைத் தாய்க்கும் குழந்தைக்கும் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. ஆவணம் பயன்படும்படி இருந்து, கேட்கப்படவும் செய்தால், நம் மக்கள் அதைத் தங்கத்தைப் போல வைத்துக்கொள்வார்கள். எந்த டாக்டரும் புரட்டிப் பார்க்காமல் ‘இதெல்லாம் வேண்டாம், புதுசா எடுத்துட்டு வாங்க’ என்று தள்ளிவைக்கும் ஃபைலைச் சிலர் தூக்கிப் போடத்தான் செய்வார்கள்.

விவரம் கொடுத்தால் புரியாது, வீணாகப் பயப்படுவார்கள் என்பது அடுத்த வாதம். இதற்குப் பதில் நம் தெருக்களிலேயே இருக்கிறது. எச்.பி.ஏ.1சி என்ற பரிசோதனைக்கு ‘மூணு மாச சுகர்’ என்று பெயர் வைத்தது எந்தப் பாடநூலும் அல்ல, நோயாளிகள். அந்தப் பெயரிலேயே பரிசோதனையின் பொருள் முழுக்க அடங்கியிருக்கிறது. 2017 டெங்குக் காலத்தில் பிளேட்லெட் எத்தனைக்கு இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது ஆட்டோ ஸ்டாண்டில் பேசப்பட்டது. டயாலிசிஸ் செய்துகொள்பவரைக் கேளுங்கள். தன் உலர் எடை எவ்வளவு, நேற்று எத்தனை கிலோ கூடியிருந்தது, கையில் ஊசி குத்தும் இடத்தில் நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது, எல்லாம் சொல்வார். பாட்டிகள் இன்சுலின் அளவை யூனிட் கணக்கில் பேசுகிறார்கள். தவறான புரிதல் எதுவும் இல்லை என்று நான் சொல்லவில்லை. பிளேட்லெட் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற அபாய அறிகுறிகளை விட்டவர்கள் உண்டு. அந்தத் தவறு அரைகுறையாகத் தெரிந்ததால் வந்தது. அதற்கு மருந்து மீதியையும் சொல்வதுதான்.

அமெரிக்காவில் இதே பயத்தை நேராகச் சோதித்துப் பார்த்தார்கள். டாக்டர் தன் குறிப்பேட்டில் எழுதுவதை அப்படியே நோயாளி படிக்கலாம் என்று திறந்துவிட்டால் என்ன ஆகும்? 2010இல் பாஸ்டன், பென்சில்வேனியா, சியாட்டில் ஆகிய இடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட டாக்டர்கள் ஒத்துக்கொண்டு ஓராண்டு செய்தார்கள். தொடங்கும்முன் டாக்டர்கள் சொன்னதெல்லாம் நாம் இங்கே கேட்பதுதான்: பயப்படுவார்கள், குழம்புவார்கள், ஃபோன் மேல் ஃபோன் வரும். 2012இல் முடிவு வெளிவந்தது. நோயாளிகளில் 99 சதவீதம் பேர் இது தொடர வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விலகிய டாக்டர் ஒருவர்கூட இல்லை. 2021 ஏப்ரல் முதல் அந்த நாட்டில் நோயாளியின் விவரத்தை அவரிடமிருந்து தடுத்து வைப்பது விதிக்குப் புறம்பானது. அங்கே படித்தவர்கள் அதிகம், இங்கே அப்படியில்லை என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு பிளஸ் டூ பிள்ளையாவது இருக்கும் காலம் இது. படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. படிக்கத்தான் எதுவும் தரப்படவில்லை.

இனி, நோயாளி மறைக்கிறார் என்ற குற்றச்சாட்டு. இது உண்மை. மறைக்கிறார்கள். ஆனால் அதை அறியாமை என்பதுதான் தவறு. என்ன சொன்னால் என்ன நடக்கும் என்பதை நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் மறைக்கிறார்கள், அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.

‘டாக்டர், சுகர் பத்து வருஷம்னு மட்டும் எழுதிடாதீங்க’ என்று கெஞ்சும் நோயாளியைத் தெரியாத டாக்டர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. காப்பீட்டு நிறுவனம் டிஸ்சார்ஜ் சம்மரியில் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். பாலிசி எடுத்து நாலு ஆண்டு, சர்க்கரை வந்து பத்து ஆண்டு என்று காகிதம் சொன்னால், முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள் என்று கோரிக்கையை நிராகரிக்க அது போதும். மாரடைப்புக்கு ஆன லட்சக்கணக்கான ரூபாய் குடும்பத்தின் தலையில் விழும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் முன்நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை நாலு ஆண்டிலிருந்து மூன்றாகவும், அதன்பின் கேள்வி கேட்க முடியாத காலக்கெடுவை எட்டு ஆண்டிலிருந்து ஐந்தாகவும் குறைத்தது. நல்ல காரியம். இந்த விவரம் எத்தனை நோயாளிகளுக்குத் தெரியும்? தெரிந்தால் அவர்களில் பலர் மறைக்கவே மாட்டார்கள். உண்மை சொன்னால் பணம் போகும் என்ற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, உண்மை சொல்லாதவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பணத்தைவிடப் பெரியதும் உண்டு. 1995இல் நாகாலாந்து அரசு மருத்துவர் ஒருவர், நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னைத் தனியார் மருத்துவமனைக்கு வந்தவர், அங்கே ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அந்த முடிவு அவரைத் தாண்டிப் போனது. நிச்சயமாகியிருந்த திருமணம் நின்றது. ஊரும் உறவும் ஒதுக்கியதால் சொந்த ஊரைவிட்டுச் சென்னையில் வந்து வாழ வேண்டியதாயிற்று. மருத்துவமனை ரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 1998இல் தள்ளுபடி செய்தது. அத்தோடு நிற்காமல் இத்தகைய நோய் உள்ளவருக்குத் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்றும் சொன்னது. அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் உடல்நலம் காக்கப்பட வேண்டியது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். அதை அவளிடம் சொல்ல வேண்டியவர் அவர், அவர் சொல்வதற்கு மருத்துவமனை துணை நின்றிருக்க வேண்டும். திருமணம் பற்றிச் சொன்னது அந்த வழக்குக்குத் தேவையில்லாதது என்று 2002இல் பெரிய அமர்வு விளக்கியது. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது என்ற சட்டம் 2017இல் வந்தது. அவர் ரத்தம் கொடுத்ததிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் பரிசோதனைக்கே போகாமல் இருந்திருப்பார்கள்?

நம் மக்களுக்கு அந்தரங்கம் என்ற எண்ணமே கிடையாது, அது வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்பவர்கள் 2020ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கொரோனா வந்த வீட்டின் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சென்னையில் சில வீடுகளின் வாசலில் தகரமே அடித்தார்கள். அதன் விளைவு காய்ச்சலை மறைத்ததுதான். சளி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி, மூச்சு வாங்கும்வரை வீட்டில் கிடந்தார்கள். சட்டப்படியான உத்தரவு இல்லாமல் அப்படி நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மனநோய் மாத்திரையை வேறு டப்பாவில் மாற்றி வைக்கும் மருமகள், காசநோய்ச் சிகிச்சைக்குப் பக்கத்து ஊர் மையத்தைக் கேட்டு வாங்கும் கல்யாணமாகாத பெண், கர்ப்பப்பைப் பிரச்சினையைச் சொல்ல டாக்டர் அறையில் நிற்கும் மற்ற நாலு பேரும் வெளியே போகட்டும் என்று காத்திருக்கும் அக்கா: இவர்களெல்லாம் எந்த விவரத்தை யாரிடம் எப்போது சொல்வது என்பதில் மிகத் தெளிவாக இருப்பவர்கள். அந்த அறையில் ஒரே நேரத்தில் ஐந்து பேரை நிறுத்தி விசாரிப்பது மருத்துவமனையின் வழக்கம். அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பதால் விரும்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் ஊரில் நோய் குடும்பத்துக்கே பொது, மகனிடம் சொன்னால் போதும் என்பார்கள். குடும்பம்தான் தாங்குகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் புற்றுநோயை அப்பாவிடம் மறைத்துவிட்டதாக நினைக்கும் மகன்கள் பலர், அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு பஸ் ஏறும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை அறிவதில்லை. அவர் பிள்ளைகளுக்காகத் தெரியாததுபோல இருக்கிறார். கடைசி மாதங்களில் யாரைப் பார்க்க வேண்டும், நிலத்தை யாருக்கு எழுத வேண்டும், இன்னொரு சுற்று கீமோ வேண்டுமா வேண்டாமா என்று அவர் சொல்லியிருக்கக்கூடியது எல்லாம் இரண்டு பக்க மௌனத்தில் போய்விடுகிறது. முதலில் அவரிடம் கேட்க வேண்டும்: ‘உங்க ரிசல்ட்டை உங்ககிட்ட பேசவா, பையன்கிட்ட பேசவா?’ பையனிடம் பேசுங்கள் என்று அவரே சொன்னால் அதுவும் அவர் முடிவு.

இப்போது 14 இலக்க எண்ணுக்கு வருகிறேன். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2020 ஆகஸ்டில் புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2021 செப்டம்பரில் நாடு முழுதும் வந்தது. ‘ஆபா’ எனப்படும் அந்த எண்கள் 70 கோடிக்கு மேல் உருவாகிவிட்டன. திட்டத்தின் வடிவத்தில் நல்லவை உண்டு. ஆவணங்கள் ஒரே கிடங்கில் குவிக்கப்படாமல் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் தந்தால்தான் இன்னொரு மருத்துவமனை பார்க்கலாம். எவ்வளவு காலத்துக்கு, எந்த ஆவணம் என்று அவர் வரையறுக்கலாம். ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். க்யூ.ஆர். கோடு காட்டி ஓ.பி. டோக்கன் வாங்குவதால் வரிசை குறைவதும் உண்மை. திருப்பூரில் வேலை பார்க்கும் பீகார்த் தொழிலாளிக்கு, ஊர் மாறினாலும் கூட வரும் ஆவணம் பெரிய உதவி. கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஒப்புதல் என்ற அந்த நல்ல சொல் எங்கே நிகழ்கிறது? ஓ.டி.பி.யில். ஓ.டி.பி. எங்கே போகிறது? வழக்கமாக, ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு. கிராமத்து வீட்டில் அது பெரும்பாலும் மகனுடைய ஃபோன், கணவருடைய ஃபோன். மாமியாருக்கும் மருமகளுக்கும் சேர்த்து ஒரே எண் இருக்கும் வீடுகள் எத்தனையோ. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை வெளியிடுபவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021 சட்டத் திருத்தம் சொல்கிறது. அவள் கணக்கில் புதிய ஆவணம் சேர்ந்தது என்று குறுஞ்செய்தி கணவன் ஃபோனுக்கு வந்தால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? எண் பெறுவது விருப்பத்தைப் பொறுத்தது என்று கொள்கை சொல்கிறது. கவுன்டரில் கேட்பவர் அதைச் சொல்வதில்லை. 2021இல் கொரோனா தடுப்பூசிக்கு ஆதார் காட்டிய லட்சக்கணக்கானவர்களுக்கு, அவர்களைக் கேட்காமலே சுகாதார எண் உருவாக்கப்பட்டுச் சான்றிதழிலும் அச்சாகி வந்தது. ஒப்புதலை அடிப்படையாகக் கொண்ட திட்டம் ஒப்புதல் கேட்காமல்தான் அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

பாதுகாப்பு பற்றி இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸின் சர்வர்களை இணையத் தாக்குதல் முடக்கியது. நாட்டின் முதன்மையான மருத்துவமனை வாரக்கணக்கில் பேனாவும் காகிதமுமாக வேலை செய்தது. அந்த நாட்களில் தன் பழைய விவரத்தை டாக்டருக்குக் காட்ட முடிந்தவர், பையில் ஃபைல் வைத்திருந்தவர்தான். 2023 ஜூனில் கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் விவரம் டெலிகிராம் வழியாக யாருக்கும் கிடைத்தது. அந்தத் தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தை நேரடியாக யாரும் உடைக்கவில்லை என்று அரசு விளக்கம் தந்தது. அதே ஆண்டு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், மருத்துவ விவரம் கூடுதல் காவல் தேவைப்படும் தனி வகையாகப் பிரிக்கப்படவில்லை. 2011 விதிகளில் அந்தப் பிரிவு இருந்தது. மளிகைக் கடைக்குக் கொடுத்த ஃபோன் நம்பரும் மனநல மருத்துவமனையில் எழுதிய குறிப்பும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரே தட்டில் இருக்கின்றன. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் சொன்ன நாட்டில் இது பின்னடைவு.

நேரம் எங்கே இருக்கிறது என்று டாக்டர்கள் கேட்பார்கள். காலை ஓ.பி.யில் நூறு பேரைப் பார்ப்பவரிடம் தெளிவாக எழுது, தமிழில் சொல், படித்துக் காட்டு என்றால் அவர் எப்படிச் செய்வார்? கேள்வி நியாயமானது, கேட்பவர் களைத்துப்போன மனிதர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் அவரே எழுத வேண்டியதில்லை. ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயரை நர்ஸ் எழுதலாம். மாத்திரைக் கவரில் பெயரை மருந்தாளுநர் எழுதலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வந்து பி.பி. பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண்கள் அந்த அளவை அந்த வீட்டிலேயே இருக்கும் நோட்டிலும் குறித்து வைக்கலாம். தாய் சேய் நல அட்டையை லட்சக்கணக்கில் அச்சடித்து ஒவ்வொரு கர்ப்பிணியின் கையிலும் சேர்க்கத் தெரிந்த சுகாதாரத் துறை இது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதே மாதிரி ஒரு கையேட்டைச் செய்வது புதிய வித்தை ஒன்றும் இல்லை. நேரத்தைப் பற்றிப் பேசும்போது, விவரம் இல்லாததால் மறுபடி எடுக்கப்படும் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் போகும் நேரத்தையும், அதற்கு நோயாளி அடகு வைக்கும் நகையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆபா எண் கேட்கும் அதே கவுன்டரிலிருந்து, அதே கணினியிலிருந்து, அன்றைக்கு என்ன நோய் என்று கண்டார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தமிழில் அச்சாகி நோயாளி கைக்கு வரட்டும். அந்த எண் மீது எனக்கிருக்கும் மறுப்பில் பாதி அன்றே போய்விடும். மீதிப் பாதி, அந்த ஓ.டி.பி. யார் ஃபோனுக்குப் போகிறது என்பதில் இருக்கிறது.